இரண்டு சாவி, ஒரு பீரோ

கத்தரிக்கோல் சில்லென்று பட்டது. மணிக்கட்டிலிருந்த சிவப்புப் பட்டையை நர்ஸ் வெட்டினாள், வெள்ளைப் பட்டை ஒன்றைக் கட்டினாள், முடிந்தது. வெட்டிய சிவப்பு கட்டில் விளிம்பில் சுருண்டு கிடக்கிறது, பல்லி விட்டுப்போன வால் மாதிரி. துடிக்குமோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். துடிக்கவில்லை. துடிக்காது. பிளாஸ்டிக். கையில் போட்ட தூக்க ஊசி வேலையை ஆரம்பித்துவிட்டது, அதுதான். "பென்சிலின் ஆகாதுன்னு போட்டிருக்கேப்பா, அதுக்குத்தான் சிவப்பு" என்றாள் வெட்டுமுன். பெனிட்டா என்று மார்பில் பெயர் குத்தியிருந்தது. முதலில் நான் இவளுக்கு அப்பா இல்லை. இரண்டாவது, எனக்குப் பென்சிலின் ஆகும். எல்லாம் ஆகும். கல்லைத் தின்றாலும் ஆகும். "யார் போட்டது அதை? எடு" என்றேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கப்பா." "எழுபது வருஷத்துக்கு மேல இந்த உடம்புலதான் குடியிருக்கேன். எனக்குத் தெரியாதா? எடுத்துத் தொலை." பக்கத்திலிருந்த மானிட்டரில் தட்டினாள். அந்த வரி போய்விட்டது. ஒரு வரி போனால் கீழே இருக்கும் வரிகள் மேலே ஏறிக்கொள்ளும், போன இடம் தெரியாது. அந்த ஏறிக்கொள்கிற வேலையை எழுதித்தான் முப்பது வருஷம் சோறு தின்றேன். நிரல் எழுதுகிறவன். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆள் செத்த வீட்டில் மற்றவர்கள் நெருங்கி உட்கார்ந்துகொள்கிற மாதிரி. மானிட்டரை என் பக்கமாகவே திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டாள். சபாபதி. ஆண். நான்காம் மாடி. குடலிறக்கம், இடது பக்கம். சின்ன அறுவை. "இதோ கூப்பிட்டுடுவாங்க" என்றார்கள். இதோ என்றால் எதோ. அறுவை அறைக்கு வெளியே இருக்கும் கூடம் இது. பச்சைத் திரைச்சீலை, கட்டில், கட்டிலில் நீல அங்கி, அங்கிக்குள் ஒரு கிழவன். மறுபடி பச்சைத் திரைச்சீலை, கட்டில், நீல அங்கி, கிழவன். ஜன்னல் வழியாக முன்பகல் வெயில் எல்லார் காலிலும் ஒரே மாதிரி விழுகிறது. அந்தக் கோடியில் இருப்பவன் கால் விரலை ஆட்டினான். என் விரலைப் பார்த்தேன். என் விரலும் ஆடிக்கொண்டிருக்கிறது. நான் ஆட்டவில்லை. குளிர். குளிரில் ஆடுகிறது.

வல்லிக்கு, என் சம்சாரத்துக்கு, குளிர் ஆகாது. கீழே இரண்டாம் மாடியில் பெண்கள் வார்டில் கிடக்கிறாள். இடது காலில் சீழ்க் காய்ச்சல், முழங்கால் வரைக்கும் சிவந்து பளபளவென்று வீங்கி, தொட்டால் அடுப்பு. அவளைச் சேர்க்க வந்த இடத்தில்தான் அவளைப் பார்த்த டாக்டர் என்னையும் பிடித்தார். "நீங்க குனிஞ்சு நடக்கறதப் பார்த்தா குடலிறக்கம் முத்திப்போச்சு போலிருக்கே சார், அம்மா இங்க இருக்கும்போதே நீங்களும் முடிச்சிட்டா ஒரே அலைச்சலாப் போயிடும்." சரி என்றேன். ஒரே அலைச்சல். அலைய யார் இருக்கிறார்கள்? பிள்ளையா குட்டியா. காலையில் இங்கே ஏறி வருமுன் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். அரைத் தூக்கம். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. "ஏங்க, காப்பி கூடத் தரலைங்க" என்றாள். "ஆஸ்பத்திரின்னா அப்படித்தான், சும்மா கிட" என்றேன். "வெறும் வயிறா இருக்கணும்ங்கறா அந்த நர்ஸ் பொண்ணு. எனக்கு எதுக்குங்க வெறும் வயிறு? எனக்கா ஆபரேஷன்?" நோயாளி நூறு கேட்பாள். அவள் கையில் பட்டை இல்லை. மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, வளையல் கழற்றிய தடம் போல. உடம்பு துடைத்துவிட்டபோது நனைந்து கிழிந்துவிட்டதாம், புதிதாக அச்சடித்துக் கட்டுவார்களாம். டாக்டர் வந்தார், காலை அழுத்திப் பார்த்தார், "இந்த மருந்து கேட்கல. ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் வேற ஊசிக்கு மாத்திடறோம்" என்றார். எப்போதும் அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்வேன். இவளுக்குப் பென்சிலின் ஆகாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து எந்த டாக்டரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்வதற்கு முன் அதைச் சொல்லிவிடுவேன். இன்றைக்குச் சொல்லவில்லை. எதற்கு? பைலில் இருக்கிறது. சிவப்பு எழுத்தில் இருக்கிறது, நானே பார்த்தேன், சேர்த்த அன்றைக்கே. இருப்பதை எத்தனை முறை சொல்வது. மேலே வந்துவிட்டேன்.

நேற்று எனக்கு வந்த சாப்பாட்டில் உப்பு இல்லை. ரசத்தில் இல்லை, கூட்டில் இல்லை. கொண்டுவந்தவனிடம் கேட்டேன், "இது என்ன, தண்ணியா?" "உங்களுக்கு உப்பு கட் சார்" என்றான். "எவன் கட் பண்ணினது?" "சிஸ்டம்ல இருக்கு சார்." சிஸ்டத்தில் இருந்தால் சரி. இந்த ஊரில் சாமி கூட அதற்கு அப்புறம்தான். பிரஷர் வல்லிக்கு. உப்பில்லாமல் தின்கிறவள் அவள். பிறகு ஒரு மாத்திரை வந்தது, பொடிசாக, வெள்ளையாக. தைராய்டாம். எனக்கா? தைராய்டும் வல்லிக்குத்தான். மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்தேன், சாப்பாட்டைத் தின்றேன், பசி. தின்னும்போது ஒன்று தோன்றியது, தோன்றியதும் விழுங்கிவிட்டேன். அவள் வாயால் தின்கிறேன் என்று. கிழவனுக்கு வரும் நினைப்பா அது. இப்போது தொண்டையிலிருந்து மேலே வருகிறது. உப்பில்லாத ரசம். அவள் தினமும் தின்கிற ருசி இதுதானா? எதிரில் உட்கார்ந்து நான் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தின்பேன், அவள் பார்ப்பாள். இடது கால் எரிகிறது. எனக்கு அறுவை வயிற்றில். காலில் என்ன எரிச்சல். வெயில் பட்டிருக்கும். பார்த்தேன். வெயில் வலது காலில்தான் இருக்கிறது.

சேர்க்கும் இடத்தில் இருந்த பெண் நினைவுக்கு வருகிறாள். நகத்தில் கருநீலம். "பழைய பைல் இருக்கா சார்?" "எனக்கு இல்லை. இவளுக்கு இருக்கு." "அப்ப அம்மா பைலையே காப்பி போட்டுடறேன் சார். அட்ரஸ், போனு, கார்டு எல்லாம் அதேதானே? பேரு, வயசு, ஆம்பளை பொம்பளை, இத மட்டும் மாத்தினாப் போதும். எல்லா பேமிலிக்கும் இப்படித்தான் சார் போடறது. ஒருத்தர் வந்துட்டா வீட்டுல மத்தவங்களுக்கு டைப்பே அடிக்க வேணாம்." கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். "சீக்கிரம்" என்றும் சொன்னேன். ஒரே தட்டு. வல்லியிலிருந்து இன்னொரு வல்லி பிறந்தாள். பெயரை அழித்துச் சபாபதி என்று அடித்தாள். பெண்ணை அழித்து ஆண். அவ்வளவுதான் நான். இருதயராஜ் இதைத்தான் பெருமையாகச் சொல்வான், எங்கள் ஆபீசில், டீக்கிளாஸை மேசையில் தட்டித் தட்டி. "புதுசாக் கட்டாதய்யா. மாதிரிக்கு ஒண்ண நிக்க வை. அடுத்தது வேணும்னா அதுகிட்டயே கேளு, உன்ன மாதிரி ஒண்ணு குடுன்னு. அதுவே தன்னை நகலெடுத்துக் குடுக்கும். நீ மேலாப்புல பேரை மாத்திக்க." புரோட்டோடைப் என்பான். மாதிரி. கல்யாண மண்டபக்காரர்களுக்கு ஒரு மென்பொருள் செய்தோம் அப்போது. மாதிரிக் கல்யாணம் ஒன்று, அதற்குள் மாதிரி விருந்துப் பட்டியல், பருப்பு நெய் பூண்டு பாயசம் எல்லாம். புதுக் கல்யாணம் பதிவு செய்தால் மாதிரியை நகலெடு, மாப்பிள்ளை பெயர் போடு, பெண் பெயர் போடு. ஓடியது. பிறகு ஒரு ஐயர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பூண்டை எடுத்தார்கள். அந்த மாதம் மண்டபத்தில் நடந்த எல்லாக் கல்யாணத்திலும் பூண்டு போய்விட்டது. ஜமால் பாய் வீட்டு நிக்காவில் பூண்டில்லாத பிரியாணி. பாய் போனில் கேட்டார், "ஏன்யா, எங்க வீட்டுல என்ன தெவசமா?" இருதயராஜ் சிரித்துச் சிரித்துப் புரை ஏறினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணம் தனித்தனி, விருந்து ஒன்றே. நகலெடுத்தது மேல் ஓட்டை மட்டும். உள்ளே இருக்கும் பட்டியலை எடுக்கவில்லை, பட்டியல் இருக்கும் இடத்தைக் காட்டும் கையை எடுத்தது. என்னிடம் வேலை கற்கும் பையன்களுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். பீரோ வேணும்னு கேட்டா, சாவிய நகலெடுத்துக் குடுத்துட்டு பீரோ ரெண்டாயிடுச்சுங்கறீங்க. சாவிதாண்டா ரெண்டு. பீரோ ஒண்ணுதான். இவன் உள்ளே கை விட்டு எடுத்தால் அவனுக்கும் இருக்காது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பீரோ ஒன்று, சாவி இரண்டு. நான் வைத்த இடத்தில் சட்டை இருக்காது. ராத்திரி இருந்தது, காலையில் வேறு தட்டில் இருக்கும். யாரும் தொட்ட சத்தம் கேட்டிருக்காது. ஆரம்பத்தில் பயமாகக்கூட இருந்தது, சிரிக்காதே, புதிதாகக் கல்யாணம் ஆனவன், தனியாகவே வளர்ந்தவன், நான் தொடாமல் என் பொருள் நகர்ந்து நான் கண்டதில்லை. அந்த மாதிரிதான் இப்போதும். மானிட்டரில் ஒன்று நகர்ந்தது. யாரும் அருகில் இல்லை. விசைப்பலகை என் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. குறிப்புகள் என்ற கட்டத்தில் குச்சி போல் ஒரு கோடு மின்னிக்கொண்டிருந்தது, அதன் பக்கத்தில் எழுத்து வந்தது. இங்கிலீஷ். வரி முழுசாக வந்து நின்றது. நோயாளி மீண்டும் காபி கேட்கிறார், வெறும் வயிறு என்று சொல்லப்பட்டது. நான் காபி கேட்கவில்லை. வாயையே திறக்கவில்லை. அந்தக் கோடி ஆள் கேட்டிருப்பானோ? அவன் தூங்குகிறான். கண்ணை மூடித் திறந்தேன். இன்னொரு வரி. கணவர் சாப்பிட்டாரா என்று நோயாளி கேட்கிறார். சபாபதி. ஆண். நான்காம் மாடி. கணவர் சாப்பிட்டாரா என்று கேட்கிறார். கழுத்துக்குப் பின்னால் யாரோ ஊதினது போல் இருந்தது. அவள் குரலே கேட்டது. வல்லி அப்படித்தான் கேட்பாள், கண்ணைத் திறக்காமல், யாரிடம் கேட்கிறோம் என்று பார்க்காமல். அவர் சாப்பிட்டாரா? என் பைலுக்குள் படுத்துக்கொண்டு கேட்கிறாள். உப்பு. தைராய்டு. காபி தரலைங்க. எனக்கா ஆபரேஷன்? இருதயராஜின் டீக்கிளாஸ் மேசையில் தட்டியது. பூண்டு.

பூண்டை நான் எடுத்துவிட்டேன். எடுத்துத் தொலை என்றேன். எங்கே இருந்து எடுத்தாள் அந்தப் பெண்? என்னிடமிருந்தா? எனக்குத் தனியாகப் பட்டியல் ஏது. ஒரே பட்டியல். என் வரி போனபோதே கீழே அவள் வரியும் போயிருக்கும், மற்ற வரிகள் நெருங்கி உட்கார்ந்திருக்கும், போன இடம் தெரியாது. புதுப் பட்டை அச்சடிப்பார்கள். வெள்ளையாக வரும். கட்டுவார்கள். ரவுண்ட்ஸ் முடிந்ததும் வேறு ஊசி. ரவுண்ட்ஸ் முடிந்துவிட்டதா? வெயில் எங்கே இருக்கிறது? இரண்டு காலிலும் இருக்கிறது. வல்லி சொல்லமாட்டாள். அவளுக்கு அந்தப் பேரே வாயில் வராது. அந்த ஊசி என்பாள். டாக்டர்கள் கேட்டால் என்னைக் காட்டுவாள், அவரைக் கேளுங்க. அவளுக்குள் அது இல்லை, அது இருக்கும் இடத்தைக் காட்டும் கைதான் இருக்கிறது, கை காட்டும் இடத்தில் நான் இருக்கிறேன், நான் இங்கே நீல அங்கியில் நாக்குத் தடித்துக் கிடக்கிறேன். அன்றைக்கு ஒரு சொட்டுதான். கல்யாணமான புதுசு, உறையூரில் ஒரு டாக்டர், தொண்டை வலி என்று போனோம். சோதனைக்கு ஒரு சொட்டு, தோலுக்கு அடியில், ஒண்ணும் ஆகாதும்மா. அந்த ஒரு சொட்டு. நான் வெளியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு சத்தம், பம்பு தண்ணீர் இல்லாமல் காற்றை இழுக்குமே அது. உதடு இரண்டும் தடித்து மூக்கை முட்டியது. கண் இருந்த இடம் கோடு. நீலம். சேர்க்கும் இடத்துப் பெண்ணின் நகம் போல நீலம். இவள் யார் என்றே தெரியவில்லை எனக்கு, என்னோடு வந்தவள் எங்கே, அவள் புடவையில் இது யார் என்று நினைத்தேன். அப்போது இளம் உடம்பு, மீண்டாள். இப்போது? ஆழமாக நகலெடுக்க வேண்டும், அதுதான் வழி என்பார்கள். மேல் ஓட்டை மட்டும் எடுக்காதே, உள்ளே இருப்பதையும் எடு, அதற்குள் இருப்பதையும் எடு, அடிவரைக்கும் எடு. சரி, எடு. வல்லியை எடு. உள்ளே போனால் அவரைக் கேளுங்க. போய் என்னை எடு. எனக்குள் என்ன இருக்கிறது? சர்க்கரை டப்பா எங்கே, வல்லியைக் கேள். என் மூக்குக்கண்ணாடி எங்கே, வல்லியைக் கேள். ராத்திரி இருமினேனா, அவளைக் கேள். திரும்ப வல்லி. அவளை எடு. உள்ளே, அவரைக் கேளுங்க. திரும்ப நான். நிற்காது. சுற்றிச் சுற்றி, நினைவு நிறைந்து மெஷின் செத்து விழும்வரை நிற்காது. அதற்கும் வைத்தியம் உண்டு. இதை ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று ஒரு குறி வைத்துவிட்டுப் போக வேண்டும். குறி. அதுதான் சுருண்டு கிடக்கிறது கட்டில் விளிம்பில்.

உதடு தடிக்கிறது. என் உதடு. கையைத் தூக்கித் தொட்டேன், கை எங்கோ போய் மூக்கில் இடித்தது, மறுபடி தொட்டேன். தடித்திருக்கிறது. ஊசி மருந்தா? அவளா? கீழே போட்டுவிட்டார்களா? எனக்கு மூச்சு வருகிறது. வருகிறதா? வருகிறது. "சிஸ்டர்." குரல் வெளியே வரவில்லை. மானிட்டரில் கோடு மின்னுகிறது, என் நாடியும் அதுவும் ஒரே நேரத்தில். எழுத்து வந்தது. மருந்தகத்திலிருந்து புதிய ஊசி வந்தது. "சிஸ்டர்." கட்டில் கம்பியில் மோதிரத்தால் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன். பெனிட்டா வந்தாள். "என்னப்பா, பாத்ரூமா?" "கீழ வல்லி. என் சம்சாரம். அவ பைலும் என் பைலும் ஒண்ணு. பட்டியல் ஒண்ணு. நான் எடுத்தது அவளுதும் போச்சு." "ரெண்டும் வேறப்பா, உங்க பேருதான் போட்டிருக்கு பாருங்க." "பேரு வேற. உள்ள ஒண்ணு. சாவி ரெண்டு. பீரோ ஒண்ணு." அவள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துச் சிரித்தாள். அங்கே தலையணை மாற்றிக்கொண்டிருந்த ஆயா, "மருந்து ஏறிடுச்சு. போன வாரம் ஒருத்தர் கோழிப் பண்ணைக்கு விலை பேசினாரு" என்றாள். "சாவியெல்லாம் வீட்டுல பத்திரமா இருக்கும்பா, தூங்குங்க" என்றாள் பெனிட்டா. "பூண்டு" என்றேன். ஏன் சொன்னேன்? வாய் சொல்லிவிட்டது. அவள் போர்வையை இழுத்துவிட்டாள். போகப் போகிறாள். மடையா, விளக்காதே. யாருக்கு எப்போது விளக்கிப் புரிந்திருக்கிறது. முப்பது வருஷம் விளக்கினாய். பீரோ ஒன்று என்றால் ஒன்றுதான், யார் கை விட்டால் என்ன. எடுத்த கையாலேயே வை. "எனக்குப் பென்சிலின் ஆகாது" என்றேன். திரும்பினாள். "என்னது?" "ஆகாது. மறந்துட்டேன். சின்ன வயசுல போட்டு மூஞ்சி வீங்கிச்சு. மூச்சு நின்னுது. திரும்பப் போடு." "இப்பத்தானே இல்லைன்னு அந்தக் கத்து கத்தினீங்க? எழுபது வருஷமாக் குடியிருக்கேன்னு?" "வாடகைக்குத்தான் இருக்கேன். போடு." "விளையாடாதீங்கப்பா." "ஒரு சொட்டு போதும் சாவறதுக்கு. நான் செத்தா உன்னத்தான் கேப்பாங்க. போடு." சிரிப்பு போனது அவள் முகத்தில். அந்த வார்த்தையை எந்த நர்ஸும் தாண்டிப் போக முடியாது. தட்டினாள். வரிகள் கீழே விலகின. நடுவில் இடம் உண்டாயிற்று. அதில் வந்து உட்கார்ந்தது, சிவப்பாக. "வெள்ளையைக் கட்டி அரை மணி ஆகல" என்று முணுமுணுத்துக்கொண்டே கையை வெட்டிச் சிவப்பைக் கட்டினாள். கையை இல்லை. பட்டையை. பட்டையை வெட்டி.

இப்போது காத்திருக்க வேண்டும். வேறு வேலை இல்லை. சீலிங்கில் ஓட்டை ஓட்டையாகப் பலகை, ஒவ்வொரு பலகையிலும் அதே ஓட்டைகள், அதே இடத்தில். கோடு மின்னுகிறது. அணைகிறது. ஊசி வந்தாயிற்று என்ற வரியே கடைசி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கீழே யாரோ ஒருத்தி ஊசிக் குப்பியைக் குலுக்கிக்கொண்டிருக்கிறாள், குமிழி அடங்கட்டும் என்று. வல்லி கையை நீட்டியிருப்பாள். யார் கேட்டாலும் நீட்டுவாள். வளையல்காரனுக்கு நீட்டுகிற மாதிரி. கேள் அவளை, ஒரு வார்த்தை கேள், அவரைக் கேளுங்க என்பாள், அந்த அவர் இங்கே இருக்கிறேன், பதில் சொல்லியாயிற்று, சிவப்பாகச் சொல்லியாயிற்று, நிமிர்ந்து அந்த மானிட்டரைப் பாரேன். உதடு கனக்கிறது. என் கண் இமை கோடாகிறது. கோடு மின்னுகிறது. அணைகிறது. அணைந்தே இருக்கிறது. எவ்வளவு நேரமாக அணைந்திருக்கிறது? நான்தான் கண்ணை மூடிவிட்டேன். திற. திறந்தேன். ஒவ்வாமை எச்சரிக்கை, ஊசி கொடுக்கப்படவில்லை, மருந்தகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. படித்தேன். மறுபடி படித்தேன். காற்று உள்ளே போன சத்தம் எனக்கே கேட்டது. பம்பில் தண்ணீர் ஏறிவிட்ட சத்தம். உதட்டைத் தொட்டேன். ஒன்றும் இல்லை. சாதாரண உதடு. கிழட்டு உதடு.

தூங்கலாம். அறுத்துக்கொள்ளட்டும். எங்கே தூங்குவது. நான் மயங்கிக் கிடக்கும்போது இவர்கள் என் பட்டியலில் என்னென்ன எழுதுவார்கள்? எனக்கு வலி மருந்து எழுதினால் அவளுக்கு ஏறும். எனக்குக் கஞ்சி என்றால் அவளுக்குக் கஞ்சி. நான் இல்லாதபோது அவள் பீரோவில் ஊரே கை விடும். இப்போதும் நேற்று ராத்திரியிலிருந்து என் வெறும் வயிற்றை அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். உடம்பில் அனல், வாயில் ஒரு சொட்டு இல்லை. அவளுக்கு எதற்கு வெறும் வயிறு? அவளுக்கா ஆபரேஷன்? திரைச்சீலை விலகியது. மயக்க மருந்து டாக்டர், தொப்பிக்குள் முடியைத் திணித்துக்கொண்டு, கையில் பேனா. "பேர் சொல்லுங்க சார்." "சபாபதி." "எந்தப் பக்கம் ஆபரேஷன்?" "இடது." "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" இந்தக் கேள்விக்காகவே படுத்திருந்தது போல் இருந்தது. "இப்பத்தான்" என்றேன். பேனா நின்றது. "என்ன சாப்பிட்டீங்க?" "ரெண்டு இட்லி. காப்பி." "யார் குடுத்தது?" "வீட்டுக்காரி." "அவங்க வந்திருக்காங்களா இங்க?" "இங்கதான் இருக்கா." டாக்டர் பெனிட்டாவைப் பார்த்தார். பெனிட்டா என்னைப் பார்த்தாள். "பொய் டாக்டர், இவரு இங்கதான் படுத்திருந்தாரு. மருந்துல பேசறாரு. முன்னாடி பூண்டுன்னாரு." "மருந்துல பேசினாலும் சாப்பிட்டேன்னு ஒருத்தர் சொன்னா நான் தொடமாட்டேன்மா. உள்ள போய் வாந்தி எடுத்தா நுரையீரலுக்குப் போயிடும். இன்னைக்கு வேணாம், நாளைக்குப் பார்க்கலாம். வெறும் வயிறு ஆர்டரை எடுத்துடு." போய்விட்டார். பெனிட்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க? பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லலாமில்ல?" "ஆமா. பயம்" என்றேன். "எடு அந்த வரிய." "எடுக்கறேன், எடுக்கறேன்." தட்டினாள். வெறும் வயிறு போனது. கீழே இருந்தவை மேலே ஏறிக்கொண்டன. "ஒரு வீல்சேர் கொண்டா. ரெண்டாம் மாடிக்குப் போகணும். போற வழியில உங்க கம்ப்யூட்டர்காரன் எவனாவது இருந்தா அவனையும் கொண்டா." "தலை சுத்தும், கொஞ்ச நேரம் படுங்க. ஏற்பாடு பண்றேன்" என்று போனாள்.

படுத்திருக்கிறேன். வெயில் கால்களை விட்டுக் கட்டில் கம்பிக்கு ஏறிவிட்டது. கோடி ஆளைத் தள்ளிக்கொண்டு போனார்கள், கால் விரலை ஆட்டிக்கொண்டே போனான். என் விரல் ஆடவில்லை. பார்த்தேன், ஆடவில்லை. இடது கால் மட்டும் இன்னும் எரிகிறது, எரியட்டும். வாய் வறண்டு ஒட்டிக்கிடந்தது. அந்த வறட்சியில் ஒரு சூடு வந்தது. நாக்கின் நுனியில், பிறகு நடுவில், பிறகு தொண்டைக்கு. கசப்பு. பால் வாசனை. யாரும் எனக்கு ஒன்றும் தரவில்லை. கையில் டம்ளர் இல்லை. நாக்கை மேலண்ணத்தில் வைத்து அழுத்திப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் காபி, தண்ணி, சர்க்கரை பத்தவில்லை. சொல்லவில்லை, நினைத்தேன். வாயை இறுக மூடிக்கொண்டுதான் இருந்தேன். கோடு மின்னியது. எழுத்து வந்தது, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். காபி கொடுக்கப்பட்டது. சர்க்கரை போதவில்லை என்கிறார்.